உப்புப் போட்ட பெட்டி

என் மனுசன் கிறகோரிக்குக் கடலில் பயம் என்பதே கிடையாது. முல்லைத்தீவுக் கரையில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட மனுசன் மூத்திரப்பைக்குள் வந்த புற்றுநோய்க்கு நடுங்கினார்.

முதலில் மூத்திரத்தோடு இரத்தம் போனது. கட்டியைச் சுரண்டி எடுத்து, குழாய் வழியாக மருந்தும் விட்டார்கள். சனியன் திரும்பவும் முளைத்தது.

“இந்தமுறை பழைய மருந்தோட இன்ரபெரோனும் சேர்த்து விடுவம்” என்றார் டொக்டர். “வைரஸ் காய்ச்சல் வரேக்க எங்கட உடம்பே சுரக்கிற சாமான்தான் அது. புற்றுநோய்க் கலங்கள் பெருகிறதை மெதுவாக்கும். அதுகளை அழிக்கிற கலங்களையும் உசுப்பிவிடும். எல்லாருக்கும் சரிவருமெண்டு சொல்லமாட்டன். இதுக்கும் கேக்காட்டி மூத்திரப்பையை எடுக்கத்தான் வேணும்.”

எடுத்தால் வயிற்றில் ஒரு பையை ஒட்டிக்கொண்டு திரியவேண்டுமாம். “அதோட எப்பிடியப்பா வலை இழுக்கிறது?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

அந்த மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கவில்லை. மகன் அனிஸ்ரன் கொழும்பில் வாங்கி வந்து தந்தான். சின்னிவிரல் அளவுப் போத்தல். “குளிராவே இருக்கவேணும் அம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே வேலைக்குத் திரும்பிவிட்டான். வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் அதை ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கட்டியது இவர். நான் கிட்டப் போகவில்லை. ஐஸ் விஷயத்தில் இவருக்குப் புத்தி சொல்ல ஆர் இருக்கிறார்கள்!

மாங்குளத்தில் வவுனியா பஸ்ஸுக்கு நின்றபோது, ஐஸ் கரைந்திருக்குமோ என்று மூடியைத் திறந்தேன். விரல் விறைத்தது. பெட்டியின் உட்பக்கத்தில் வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

“இஞ்சேருங்கோ, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்?”

“கல்லுப்புப் போட்டனான். இந்த வெய்யிலுக்கு வெறும் ஐஸ் காணுமே?”

கொழும்பு லொறிக்கு ஏற்றுகிற மீனுக்கு எங்கள் மீன்வாடியில் செய்கிற வேலை அது. ஐஸில் உப்பைக் கலந்தால் குளிர் ஏறி மீன் கல்லாய் இறுகிவிடும். மருந்தை எடுத்துப் பார்த்தேன். அதுவும் இறுகித்தான் கிடந்தது. போத்தல் இருந்த மட்டைப் பெட்டியில் உறைபனிப் படமொன்று போட்டு, அதற்கு மேல் குறுக்கே கோடும் கீறியிருந்தது. உறையவிடக்கூடாது என்று எழுத்துத் தெரியாதவனுக்கும் விளங்கும்.

அவர் போத்தலைப் பறித்து இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டார். உதடு ‘மாதாவே, மாதாவே’ என்று முணுமுணுத்தது. கொஞ்ச நேரத்தில் கையை விரித்தார்.

“பார், தண்ணி மாதிரித் தெளிஞ்சிட்டுது. மீனும் இறுகி உருகிறதுதானே. ஒருத்தருக்கும் சொல்லாதை, ஜோசி. திருப்பி அனுப்பினா அடுத்தது கத்திதான்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ! மீன் கறிச்சட்டிக்குள்ள போறது. இதை உங்கட உடம்புக்குள்ள விடப்போகினம்” என்று சீறினேன். பஸ்ஸுக்கு நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். “செத்த மருந்தை விட்டா கட்டி தன்பாட்டில வளரும். இதுக்கும் கேக்கேல்லையெண்டு சொல்லி அவையள் வெட்டுவினம். விளங்குதோ?”

அவர் போத்தலைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்து மூடினார். வவுனியா போய்ச் சேரும்வரை பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தாதி மிஸ் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தா. “நல்லாத்தான் இருக்கு. குளிராத்தானே ஐயா கொண்டு வந்தனீங்கள்?”

அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். நான் சொல்லிவிடுவேனோ என்று பயப்படுகிறார் என நினைத்தேன். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“இறுகிப்போச்சுது மிஸ். நான்தான் உப்புப் போட்டனான்.” குரல் உடைந்துபோனது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

டொக்டர் ஏசவில்லை. “சொன்னது நல்லதாப் போச்சுது. உறைஞ்ச மருந்தை நம்பேலாது. பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. வேறை எடுப்பிச்சுத்தான் விடவேணும்.”

“அதுவரைக்கும் அது வளருமோ, டொக்டர்?” என்று கேட்டேன்.

“வளரலாம். அதாலதான் கெதியா வேறை மருந்து எடுக்கச் சொல்லுறன்.”

திரும்பும்போது மாங்குளத்தில் இறங்கி, கடைக்குப் பின்னால் மூத்திரம் பெய்யப் போனார். நான் வெறும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தேன். வர நேரமாகியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“எப்பிடிப் போனது?”

“தெளிவாத்தான் போனது, ஜோசி.”

மற்ற நாளென்றால் அந்த ஒரு சொல்லே எனக்குப் போதும். காலையில் அந்தப் போத்தலும் தெளிவாகத்தான் இருந்தது.