பைரோத்துக்கு இரண்டு பக்கம்

‘பிறந்தார்’ என்று எழுதிவிட்டு சுமாலி அந்தச் சொல்லை அடித்தாள். காலையிலிருந்து அவள் அடிக்கும் நான்காவது ‘பிறந்தார்’ அது.

விகாரையின் சமையல் கொட்டகைக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு. கூடத்தில் அவள் கணவர் பைரோத் ஏழாம் நாளாகப் பெட்டிக்குள் படுத்திருந்தார். மாலை நாலு மணிக்குத் தகனம். வருகிறவர்கள் கையில் அவர் வாழ்க்கையைச் சொல்லும் சின்னப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். எரியூட்டுவதற்கு முன் அதையே ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். அந்த ஊரில் அரிசி ஆலைக்காரர் செத்தாலும் அது உண்டு, அங்கே மூட்டை தூக்கினவர் செத்தாலும் உண்டு. அட்டையும் படங்களும் அச்சாகிவிட்டன. நடுவில் இரண்டு பக்கம் அவளுக்காகக் காலியாகக் கிடந்தது. பத்து மணிக்குள் எழுதி அனுப்பாவிட்டால் அச்சகத்துக்காரர் கைவிரித்துவிடுவார்.

“பிக்குகளுக்குப் பதினோரு மணிக்கெல்லாம் சாப்பாடு வெக்கணும். ஐஸ் எத்தனை மூட்டை சொல்லட்டும்?” நாத்தனார் ரச்சனி எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு.”

“நேத்து ரெண்டு பத்தலையே.”

“அப்ப மூணு சொல்லுங்கக்கா.”

ரச்சனி போகவில்லை. நோட்டைப் பார்த்தாள். சுமாலி அதை மூடினாள்.

“நீ எழுதறவன்னுதான் நாங்க யாரும் கை வெக்கலை. யார் யாருக்கோ பக்கம் பக்கமா எழுதினே. என் தம்பின்னா மட்டும் இப்படி இழுக்குதே?”

பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டுவிட்டு வந்து, பதினோரு வருஷமாகச் சுமாலி தொடர்கதை எழுதுகிறாள். போனில் படிக்கிறார்கள். இடுப்பு விட்டுப்போன நாளிலும் பத்து வரி. பக்கத்து வீட்டில் கரோக்கே அலறினாலும் பத்து வரி. அதற்குமேல் வந்தால் வரட்டும், வராவிட்டால் எழுந்துவிடலாம். ‘இத்தனை வேலைக்கு நடுவுல எப்படிக்கா எழுதறீங்க?’ என்று கேட்கும் வாசகிகளுக்கு அவள் சொல்லும் பதில் அது ஒன்றுதான். அவள் கதைகளில் இதுவரை ஆறு கணவன்மார் இறந்திருக்கிறார்கள். ஒருவனுக்கும் அவள் கை தயங்கியதில்லை.

பைரோத் நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். வீடு வீடாகப் போனார், எண்ணைக் குறித்தார், வந்தார், சாப்பிட்டார். சாப்பிட்டால் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்குவார். அவள் எழுத உட்கார்ந்தால் டி.வி.யின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பந்தாட்டம் பார்ப்பார். கோல் விழுந்தால் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளுவார். சுமாலிக்குத் தெரிந்ததெல்லாம் இப்படிப்பட்டவைதான். ‘பிறந்தார்’ என்பதற்கு அடுத்த வரியாக இதை எப்படிப் போடுவது?

போட்டுத்தான் பார்ப்போமே என்று, ‘நான் எழுதும்போது அவர் டி.வி.யின்’ என்று தொடங்கினாள்.

“அக்கா, கேஸ் தீந்துபோச்சு.”

எழுந்து போய் இன்னொரு சிலிண்டர் எங்கே என்று காட்டிவிட்டு வந்தாள்.

“சுமாலி, பெட்டி மேல பிக்குகளுக்கான காவித் துணி வெக்க முதல்ல யாரைக் கூப்பிடறது? நகராட்சித் தலைவரையா, பெரிய மாமாவையா? மாமா கோவிச்சுக்குவாரு.”

“மாமாவைக் கடைசியா கூப்பிடுங்க. கடைசிதான் பெரிய மரியாதை.”

“அவருக்கு அது தெரியுமா?”

“நீங்க போய்ச் சொல்லுங்க.”

திரும்பி உட்கார்ந்தபோது, டி.வி.யின் எதை எழுத வந்தோம் என்பது நினைவில்லை. ஏழு நாள் தூங்காத கண். ஒரு நிமிஷம் மூடிக்கொண்டால் வந்துவிடும் என்று சுவரில் சாய்ந்தாள்.

விழித்தபோது பிக்குகள் சாப்பிட்டு முடித்து ஆசி ஓதிக்கொண்டிருந்தார்கள். எதிரே ரச்சனி தண்ணீர் டம்ளரோடு நின்றாள்.

“எழுப்ப மனசு வரலை. அனுப்பியாச்சு.”

“எதை?”

“போன வருஷம் சங்குவன் வாத்தியார் தகனத்துல குடுத்த புத்தகம் இருந்துச்சு. பேரு, வருஷம், உத்தியோகம் எல்லாம் மாத்தினேன். நல்லாத்தான் இருக்கு. தங்கமான மனுஷர், யார் மனசையும் நோகடிக்காதவர்னு வருது. என் தம்பியும் அப்படித்தானே?”

“அக்கா, அது அவர் இல்லையே.”

“அவர் யாருன்னு நீ எழுதியிருக்கணும்.” சொன்ன வேகத்திலேயே ரச்சனி டம்ளரை நீட்டினாள். “ஒத்தை விரலால அடிச்சேன், சுமாலி. ரெண்டு மணி நேரம்.”

சுமாலி அச்சகத்துக்குப் போன் செய்தாள். மறுமுனையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே அவர் கத்தினார்: “ஓடிக்கிட்டிருக்கும்மா. பாதி முடிஞ்சுது.”

டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

நாலு மணிக்கு ஒலிபெருக்கிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். நல்ல குரல் அவருக்கு. பைரோத் பிறந்தார், வளர்ந்தார், மணந்தார். பெற்றோரைப் பேணினார், விகாரைக்கு வாரி வழங்கினார். முதல் வரிசையில் சுமாலி கைகூப்பிக் கேட்டாள். தெரியாத ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல்தான் இருந்தது.

“அன்னார் ஓய்வு நேரத்தில் மணிப்புறா வளர்ப்பதில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். அவை கூவுவதைக் கேட்டே நாள்தோறும் கண்விழிப்பார்.”

ரச்சனியின் கை சுமாலியின் மணிக்கட்டைப் பிடித்தது. வாத்தியாரின் புறாக்களை எடுத்துவிட மறந்திருந்தாள்.

எழுந்து நிறுத்தச் சொல்லலாம். நிறுத்திவிட்டு அந்த இடத்தில் எதைச் சொல்வது? சுமாலி உட்கார்ந்தே இருந்தாள். ஒலிபெருக்கிக்காரர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

காவித் துணிகள் வைத்து முடிந்ததும் ஜனங்கள் வரிசையாகத் தகன மேடைப் படியேறி, பெட்டியின் காலடியில் மரச்சீவலில் செய்த சந்தனப் பூக்களை வைத்துவிட்டு இறங்கினார்கள். கீழே நின்ற சுமாலியிடம் மளிகைக்கடை அம்மா ஒருத்தி வந்தாள்.

“பத்தொம்பது வருஷமா என் வீட்டு மீட்டரைப் பாக்க வந்த மனுஷன். எங்க நாய் கடிக்காத ஒரே ஆள். புறா வெச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை பாரு. அமுக்குணி.”

சுமாலி வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்லத்தான் திறந்தாள்.

“மூணு இருந்துச்சும்மா,” என்றாள். “அதுல ஒண்ணுக்கு இறக்கை சரியில்ல. அதை மட்டும் சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் வேலைக்குப் போவாரு. வெயில் ஏறினா மரத்தடியில நின்னு, பாட்டில் மூடியில தண்ணி ஊத்திக் குடுப்பாரு. அது குடிச்சு முடிச்சப்புறந்தான் அவரு குடிப்பாரு.”

“ஐயோ, பாவி மனுஷா,” என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்தாள்.

ஒரு வாரமாக வராதது இப்போது அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. சுமாலியால் நிறுத்த முடியவில்லை. அந்தப் புறாவுக்கு அவர் வைத்த பெயரைச் சொன்னாள். அது செத்த அன்று அவர் சாப்பிடாமல் படுத்ததைச் சொன்னாள். பின்னால் நின்ற இரண்டு மூன்று பேர் காது கொடுக்க நெருங்கி வந்தார்கள். ரச்சனி தலையைக் குனிந்துகொண்டு, மிச்சமிருந்த சந்தனப் பூக்களைத் தட்டில் அடுக்கத் தொடங்கினாள்.

வெயில் சாய்ந்தும் புழுக்கம் குறையவில்லை. படியேறக் காத்திருந்தவர்கள் எல்லோரும் கையிலிருந்த சின்னப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு நின்றார்கள்.