பத்து இலை

காந்தாவின் வீட்டில் முதன்முதலில் காசு கொடுத்துச் சாப்பிட்டவர்கள் மழைக்கு ஒதுங்கியவர்கள்தான். பழவேற்காடு ஏரியில் பூநாரை பார்க்க வந்த சென்னைக்காரர்கள் ஆறு பேரை அவள் புருஷன் தருமன் படகில் கூட்டிப் போயிருந்தான். பாதியில் வானம் இருண்டு கொட்டத் தொடங்கியதும் படகைத் தன் ஊரான பசியாவரம் தீவுப் பக்கம் திருப்பி, நேரே வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டான். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்த காந்தா, வீட்டுக்கென்று வைத்திருந்த மடவை மீன் குழம்பையும் சோற்றையும் அப்படியே எடுத்துப் பரிமாறினாள். இரண்டாம் முறை சோறு வடிக்க வேண்டியதாயிற்று. கிளம்பும்போது அவர்களில் ஒருவன், ஹரிஹரன் என்று பெயர், மகள் வெண்ணிலாவின் கையில் ஐந்நூறு ரூபாய்த் தாளைத் திணித்தான். வாரக்கடைசியில் ஆட்களைச் சுற்றுலா கூட்டிப்போவதுதான் அவன் தொழிலாம். அடுத்த வாரமே போன் செய்தான்.

"அக்கா, ஞாயித்துக்கெழம பன்னெண்டு பேர் வராங்க. அதே கொழம்பு கெடைக்குமா?"

அதுவரை அந்த வீட்டு வரும்படி ஏரியின் இஷ்டப்படிதான். தருமனுக்குச் சொந்தப் படகு கிடையாது. அடுத்தவர் படகில் போவான். பிடித்ததில் படகுக்கு ஒரு பங்கு போக மீதிதான் வீட்டுக்கு. காற்று மாறினால் அதுவும் இல்லை. காந்தா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றைத் தடவி இறால் பிடித்து விற்பாள். கையில் வருவதில் முதலில் அரிசி, பிறகு வெண்ணிலாவின் பள்ளிச் செலவு, மிச்சம் மகளிர் குழுவில் சேமிப்பு. பொங்கலுக்கு மட்டும் புதுத்துணி. சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வாங்கிவிட்டால் படகுப் பங்கும் சேர்ந்து முழுசாக வீட்டுக்கு வரும் என்பதுதான் இருவருக்கும் இருந்த ஒரே பெரிய ஆசை.

பன்னிரண்டு இருபதானது, இருபது நாற்பதானது. யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். வாசலில் பந்தல் வந்தது. நண்டு சுத்தம் செய்யப் பக்கத்து வீட்டு இந்திராணியைக் கூலிக்கு வைத்துக்கொண்டாள். வாழையிலையும் தண்ணீர் கேனும் பழவேற்காட்டிலிருந்து படகில் வந்தன. குழுவில் போடும் தொகை மூன்று மடங்கானது. தருமன் ஃபைபர் படகின் விலையை அடிக்கடி விசாரிக்க ஆரம்பித்தான்.

சனி, ஞாயிறு சமையல் என்றால் வியாழக்கிழமையே மசாலா அரைக்க வேண்டும். திங்கட்கிழமை முழுக்கப் பாத்திரம் கழுவ வேண்டும். தருமன் வலையைத் தொடுவதே குறைந்துபோய், ஏலத்தில் நின்று மற்றவர்கள் பிடித்த மீனை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தான். வெண்ணிலா கொல்லைப்புறம் நின்றபடியே தட்டைக் கையில் பிடித்துச் சாப்பிடப் பழகிக்கொண்டாள். காந்தா இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. படகு வரட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பந்தல் நிறைய ஆட்கள். முதல் பந்தி நடந்துகொண்டிருந்தபோது சுண்ணாம்புக்குளத்திலிருந்து காந்தாவின் தங்கை பூவிழி வந்து நின்றாள். இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளை, தோளில் ஒரு பை. சொல்லாமல் வந்திருந்தாள். அக்கா வீட்டுக்கு வர எதற்குச் சொல்ல வேண்டும்?

"வாடி, வாடி. செத்த உள்ள குந்து, இதோ வந்துடறேன்" என்றாள் காந்தா, கையில் குழம்பு வாளியோடு.

வர முடியவில்லை. ஒரு பக்கம் சோறு, இன்னொரு பக்கம் ரசம், நடுவில் யாரோ இறால் தொக்கு கேட்டார்கள். அடுப்படிக்கு ஓடியவள், தட்டில் ஆறிக்கொண்டிருந்த வறுத்த மீனில் ஒன்றைப் பூவிழியின் பிள்ளை எடுத்துக் கையில் வைத்திருப்பதைப் பார்த்தாள். அதே நேரம் பந்தலிலிருந்து ஹரிஹரன் குரல் கொடுத்தான்.

"அக்கா, வறுவல் ஒண்ணு கொறையுது!"

எல்லாம் எண்ணிப் பொரித்தது. "இரு கண்ணு, அப்பறம் பெரிம்மா வேற தரேன்" என்று சொல்லி, பிள்ளையின் கையிலிருந்து மீனை வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். பூவிழி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிள்ளை அழவில்லை, வெறும் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கடைசிப் பந்தி எழுந்த பிறகு காந்தா உள்ளே வந்தாள். தங்கை இல்லை.

"சித்தி போய்ட்டாங்கம்மா. அக்கரையில பஸ் போய்டும்னு சொன்னாங்க" என்றாள் வெண்ணிலா. மூலையில் பை மட்டும் இருந்தது. உள்ளே புது அரிசி, கொஞ்சம் வேர்க்கடலை.

காந்தா போன் போட்டாள். "அய்ய, அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. நீ வேலையா இருந்தே, அதான் கெளம்பிட்டேன்" என்று பூவிழி சிரித்தாள். திட்டியிருந்தால் காந்தாவும் பதிலுக்குத் திட்டிவிட்டுச் சமாதானமாகியிருப்பாள். அந்தச் சிரிப்போடு எப்படிச் சமாதானமாவது?

மறுநாள் பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு, நல்ல மடவையாக நாலு வாங்கிக்கொண்டு சுண்ணாம்புக்குளம் போனாள். பூவிழி வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அன்று அவள் வீட்டில் கருவாட்டுக் குழம்புதான். மீனைப் பொரிக்க எடுத்தவளைத் தடுத்து, "இருக்கறதப் போடுடி" என்று காந்தா உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்.

"பச்ச புள்ள கையில இருந்து புடுங்கிட்டேனேடி."

"வுடுக்கா. நீ ரெண்டு காசு பாக்கற நேரத்துல நான் வந்து குறுக்க நின்னா நீதான் இன்னா பண்ணுவ?"

தங்கை அதை மனதார, ஆறுதலாகத்தான் சொன்னாள். அக்கா வீட்டில் நான் குறுக்கே நிற்கிறவள் என்று அவள் ஒரே நாளில் தீர்மானித்துவிட்டாளே என்பதுதான் காந்தாவுக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தருமனிடம் சொன்னாள். "இனிமே ஞாயித்துக்கெழம மட்டுந்தான். பத்து இலை. அதுக்கு மேல ஒரு இலை போட மாட்டேன்."

தருமன் திகைத்துப்போனான். "இன்னாமே, பேய் கீய் புடிச்சிக்கிச்சா? இன்னும் ஒரு வருசம் பல்லக் கடிச்சிக்கினு ஓட்டிட்டா படகு வந்துரும். அப்பறம் நிறுத்திக்க, யாரு வேணாங்கறா?"

"படகு வந்தா இஞ்சின் நல்லதா வேணும்ப. அப்பறம் வூட்டுக்கு மேல தளம் போடணும்ப. எனக்குத் தெரியாதாயா உன்னய? எனக்கே அப்டித்தான் தோணுது."

"தங்கச்சி கோச்சிக்கினு போனதுக்காவ பொழப்ப வுடுவியா?"

"அவ கோச்சிக்கலயே. கோச்சிக்கினு இருந்தா நான் இம்மாம் பேச மாட்டேன்."

தருமன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனை அவளால் குறை சொல்லவும் முடியவில்லை. அடுத்தவர் படகில் இருபது வருஷம் துடுப்புப் போட்டவன். கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த படகைத் தள்ளிப் போடு என்றால் வலிக்கத்தான் செய்யும். நாலாம் நாள் சாப்பிடும்போது அவனாகவே வாயைத் திறந்தான்.

"பத்து இலைதான்னா, ஒரு இலைக்கு வெல ஏத்திக்கலாம்ல? நண்டு இன்னா வெல விக்குது தெரியுமா?"

காந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏத்திக்க" என்றாள்.

ஹரிஹரனுக்கு அது ஒத்துவரவில்லை. "வேன்ல வரவங்கள்ல பத்துப் பேர மட்டும் எப்டிக்கா பிரிக்கறது?" என்றான். அடுத்த மாதமே இந்திராணி வீட்டு வாசலில் பந்தல் ஏறியது. காந்தா வீட்டில் நண்டு கழுவியவள் இப்போது தனக்கு இரண்டு ஆள் வைத்துக்கொண்டாள். பெரிய ஃப்ரிட்ஜ் ஒன்று படகில் வந்து இறங்கியது. மசாலா பக்குவம் கேட்டு வந்தபோது காந்தா ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். அவள் போன பிறகு அரை நாள் எதிலும் மனம் ஒட்டவில்லை.

குழுவில் போடும் தொகை மறுபடி குறைந்தது. காந்தா மற்ற நாட்களில் இறால் பிடிக்கப் போனாள். தருமன் வலைக்குத் திரும்பினான். அவன் பிடித்த மீனே ஞாயிற்றுக்கிழமை குழம்புக்குப் போதுமானதாக இருந்ததால் ஏலத்தில் காசு கொட்டும் வேலை மிச்சமானது. பத்துப் பேர் சாப்பிட்டு முடித்துக் கிளம்பியதும் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட நேரம் இருந்தது. வெண்ணிலா பள்ளிக்கூடத்துக் கதைகளை அப்போதுதான் அவிழ்ப்பாள்.

படகு நினைத்ததைவிட இரண்டு வருஷம் தள்ளித்தான் வந்தது. ஆரம்பாக்கத்துப் பக்கம் ஒருவர் ஓட்டிய பழைய படகு. பின்பக்கம் ஒரு வெடிப்பைத் தருமனே ஒட்டுப்போட்டுச் சரிசெய்தான். தண்ணீரில் இறக்கிய அன்று வெண்ணிலாவை ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் வரை போய் வந்தான். இத்தனை நாள் காக்கவைத்தாயே என்று காந்தாவிடம் அவன் சொல்லவில்லை. யாருக்கும் படகுப் பங்கு கொடுக்காத முதல் நாள் மீன் கூடையை வீட்டில் இறக்கியபோது, "முழுசும் நம்மளுது" என்று மட்டும் சொன்னான்.

இந்திராணி வீட்டுக் கூட்டத்தின் சத்தம் ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாகக் கேட்கும். இன்றைக்கு எத்தனை இலை இருக்கும் என்று காந்தாவின் மனம் தானாகவே கணக்குப் போடும். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

பூவிழி இப்போதும் வருகிறாள். பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் தங்கினாள். பிள்ளை ஆசை தீர வறுத்த மீன் தின்றது, அதற்கு எதுவும் ஞாபகமில்லை. ஒன்று மட்டும் மாறிவிட்டது. இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முன் போன் செய்து கேட்கிறாள்.

"அக்கா, நாளைக்கு வரட்டா? ஆளுங்க யாரும் இல்லியே?"

"யாரும் இல்லடி, வா" என்கிறாள் காந்தா ஒவ்வொரு தடவையும்.