ஐந்து முறை ஷிஃப்ட்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. சொன்னவன் நான். வாயைத் திறக்காமலே சொன்னேன்.

மழை கொட்டிய ஒரு மாலையில் டோரதி தன் வீங்கிய விரல்களை—

(மழை பெய்யவில்லை. வெட்டிவிடுகிறேன்.)

லஸ் பக்கத்தில் வேதாந்தம் நடத்தும் டி.டி.பி. கடையில் என் கதைகளைக் கணினியில் அடித்துத் தருபவள் டோரதி. சாந்தோம்காரி. முப்பத்து நான்கு வயது. ஒன்பது வருடமாக முடக்குவாதம். கீபோர்டை மடியில் தலையணை மேல் வைத்துக்கொண்டுதான் அடிப்பாள்.

2

தமிழில் பல எழுத்துகளுக்கு ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டே இன்னொரு விசையைத் தட்ட வேண்டும். அவள் விரல்களுக்கு அது ஆகாது. போன வருடம், தொண்ணூற்றாறில், அவள் தம்பி ஃபிரெட்ரிக் ஒரு வழி செய்து கொடுத்தான். ஷிஃப்ட்டைத் தட்டிவிட்டு, விரலை எடுத்து, சாவகாசமாக அடுத்ததைத் தட்டலாம்.

ஒருநாள் அவள் சாப்பிடப் போயிருந்தபோது என் முதல் வரி எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, டைப்ரைட்டர் பழக்கத்தில் இரண்டு விசைகளையும் சேர்த்து அமுக்கினேன். கணினி ஏதோ சத்தம் போட்டது. அப்படி அமுக்கினால் ஃபிரெட்ரிக் செய்த ஏற்பாடு அணைந்துவிடும் என்று எனக்குத் தெரியாது.

(அந்த வரியையும் பிற்பாடு வெட்டிவிட்டேன்.)

3

நான்காம் நாள் நான் புரூஃப் வாங்கப் போனபோது ஃபிரெட்ரிக் வந்திருந்தான். ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினான். எல்லாம் சரியாகிவிட்டது.

"அக்கா, யாரு இத ஆஃப் பண்ணது?"

"தெர்லடா. தானா போச்சுன்னு நெனச்சேன்."

"அதுக்குனு நாலு நாளா புடிச்சுக்கினே அடிச்சியா? ஓனராண்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா, மெஷின் நல்லாத்தான் கீது, ஒன் கைதான் ரிப்பேர்னுவாரு."

என்னிடம் திரும்பினாள். "முப்பது பக்கமும் முடிஞ்சிச்சு சார்." வலது கை புடவைத் தலைப்புக்குள் இருந்தது.

நான் புரூஃபை வாங்கிக்கொண்டு, எழுத்துப்பிழை பார்ப்பவன்போலக் குனிந்துகொண்டேன்.

4

அதற்குப் பிறகு அவள் வலது கை விரல்கள் சரியாகவே இல்லை. நோய் முற்றியதற்கு நான்கு நாள் காரணமாகுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டுத் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். வேதாந்தம் வேறு ஆள் பார்த்துவிட்டார். இந்த மாதக் கடைசி வரைதான் டோரதி.

ஒரு முடிவு: நான் அவளிடம் சொல்கிறேன், அவள் மன்னிக்கிறாள். (எனக்குச் சௌகரியமான முடிவு. வெட்டிவிடுகிறேன்.)

இன்னொரு முடிவு: நான் வேதாந்தத்திடம் போய், தப்பு என்மேல்தான் என்று—

இதையும் அவள்தான் அடிக்கப்போகிறாள், வெட்டிய வரிகள் உட்பட. என் வாயால் வராததை அவள் விரலால் அவளுக்கே சொல்லவைக்கிறேன். எவ்வளவு கேவலமான ஆள் நான்.

டோரதி, எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம்.

முடிவு என்று ஒன்று எழுதினால் அதற்கும் நூறு தடவை ஷிஃப்ட் தட்ட வேண்டியிருக்கும். ஆகவே நான் எழுதவில்லை. வாசகரே, நீங்கள் மனதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு யார் விரலும் வேண்டாம்.