மூட்டுவலி மருந்து

மருந்துக்கடைக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த தன் மனைவியின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். சூடு ஏறவில்லை. நேற்று மாலைதான் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த மகள், கட்டிலுக்கு மறுபக்கம் நின்று திரையில் ஓடும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து மத்தியானம் ஆரம்பிச்ச மருந்து கேக்கலையாப்பா?"

"கேக்கும்மா. கொஞ்சம் டைம் குடுக்கணும்."

சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். நடந்தது அவருக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

இடுப்பு எலும்பு ஆபரேஷன் புண்ணில் புகுந்த கிருமி எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியவில்லை. மூன்று நாளைக்கு முன் டாக்டரம்மா ஒரு படிவத்தோடு வந்தார். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் பழைய மருந்து ஒன்று இந்த மாதிரிக் கிருமியைக் கொல்கிறதா என்று சோதித்து வருகிறார்களாம், சம்மதம் வேண்டுமாம். காய்ச்சலில் கிடந்த மனைவி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அவருக்கு மருந்தெல்லாம் அத்துப்படி. அவரையே கேளுங்க."

முப்பத்தைந்து வருடமாகக் கடை நடத்துகிறவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்ட மாத்திரையைச் சரியாக எடுத்துக் கொடுப்பார். அந்த மண்டைக்கனம் சும்மா இருக்குமா?

"கொல்லன் தெருவுலயே ஊசி விக்க வர்றீங்களேம்மா! மூட்டுவலி மருந்து கிருமியைக் கொல்லுமா? யானைப் பசிக்குச் சோளப்பொரியா? புதுசா, பெருசா ஏதாவது இருந்தா குடுங்க" என்று சிரித்தே அனுப்பிவிட்டார். டாக்டரம்மா மறுநாளும் வந்தார். அன்றும் அதே பதில்தான். மூன்றாம் நாள் மனைவிக்கு நினைவு தப்பியதும் அவரே ஓடிப்போய்ப் படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பத்தேகாலுக்கு எல்லாம் முடிந்தது. பிடித்திருந்த பாதத்தை விட அவருக்கு மனம் வரவில்லை. நர்ஸ்தான் மெல்ல அவர் கைகளை எடுத்துவிட்டாள்.

வெளியே வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். அவள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். டாக்டரம்மா வந்து எதிரே நின்றார்.

"லேப் ரிசல்ட் இப்பதான் வந்துச்சு. அம்மா புண்ணுலேர்ந்து எடுத்துத் தட்டுல வளத்த கிருமி இந்த மருந்துக்குச் செத்திருக்கு. உடம்புக்குள்ளயும் அப்படியே நடந்திருக்கும்னு சொல்ல முடியாது. இருந்தாலும், கொஞ்சம் முன்னாடி…" என்றவர் நிறுத்திக்கொண்டார்.

மகள் சாய்ந்தபடியே தலையைத் திருப்பினாள். "முன்னாடியே ஏன் டாக்டர் குடுக்கல?"

டாக்டரம்மா வாயைத் திறக்கவில்லை. இனியும் திறக்கமாட்டார் என்று மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்தது. பழி அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடலாம். ஒரு நிமிஷம் விட்டும்விட்டார். பிறகு அவருக்கே அது பொறுக்கவில்லை.

"அவங்க கேட்டாங்கம்மா. ரெண்டு நாளா கேட்டாங்க. அம்மா என்னைக் கேக்கச் சொன்னா. எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி நான்தான் வேணாம்னுட்டேன்."

மகளின் தலை அவர் தோளிலிருந்து விலகியது. டாக்டரம்மா அவர் கையைத் தொட்டுவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் நர்ஸ் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தாள். அம்மாவின் சீப்பு, மூக்குக்கண்ணாடி, மடித்த சால்வை. மகள் எழுந்துபோய் வாங்கினாள். திரும்பி வந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். பையை நடுவிலிருந்த நாற்காலியில் வைத்து, சரியாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.