அந்தப் பக்கத்துப் புள்ளிகள்

அப்பாவின் காக்கிச் சட்டைப் பைக்குள் நெட்டை மாமாவின் கை இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். கூடத்தில் அப்பாவைப் பெட்டியில் கிடத்தி இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த மனுஷன் உள்ளறைக்கு வந்து, ஆணியில் தொங்கும் சட்டையைத் துழாவுகிறார்!

"என்ன மாமா தேடுறீங்க?"

அவர் கையை உருவிக்கொண்டார். "அப்பாவோட நோட்டும்மா. சின்னது. எங்கயாவது பாத்தியா?"

"இப்ப எதுக்கு அது?"

"சும்மாதான்."

சும்மாவாம். மூன்று நாளைக்கு முன் சரக்கு ரயிலிலிருந்து ஒரு கன்டெய்னர் வளைவில் சரிந்து விழுந்தது. யாருக்கும் அடியில்லை, ஆனால் விசாரணை வந்துவிட்டது. யார்டில் அந்த வண்டியின் கன்டெய்னர்களைப் பிணைக்கும் பூட்டுகளைச் சோதித்து அனுப்பியவர்கள் அப்பாவும் இவரும்தான். அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. இன்று காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. செத்தவர் தலையில் பழியைக் கட்டிவிட்டால் இவருக்கு வசதிதானே. இருபது வருஷம் இந்த வீட்டில் காபி குடித்த வாய்!

"தேடிப் பாக்குறேன். நீங்க வெளிய இருங்க" என்று கதவைச் சாத்தினாள்.

நோட்டு டிபன் பையில் இருந்தது. அப்பாவின் முறை அவளுக்குத் தெரியும். ஒரு வேகனுக்கு நாலு புள்ளி. கன்டெய்னரின் ஒவ்வொரு மூலைப் பூட்டையும் கையால் இழுத்துப் பார்த்த பிறகுதான் ஒரு புள்ளி. இந்தப் பக்கம் இரண்டு, சுற்றிப்போய் அந்தப் பக்கம் இரண்டு. "பாக்காம வச்சா அது புள்ளி இல்லடி, பொய்" என்பார்.

அந்த வண்டிக்கான தாளைப் புரட்டினாள். அன்று நல்ல மழை. இந்தப் பக்கத்துப் புள்ளிகள் எல்லாம் நனைந்து கலங்கியிருந்தன. அந்தப் பக்கத்துப் புள்ளிகள் மட்டும் கடைசி வேகன் வரை பளிச்சென்று இருந்தன. தாள் காய்ந்த பிறகு எங்கோ உட்கார்ந்து வைத்தவை. அன்று சாயங்காலம் வீட்டுப் படி ஏற அவர் மூன்று முறை நின்றது அவளுக்கு நினைவு வந்தது.

கதவைத் திறந்தாள். மாமா அங்கேயே நின்றார்.

"அந்தப் பக்கம் அப்பா போகவே இல்லையா?"

"மூச்சு வாங்குச்சும்மா அவனுக்கு. நீ உக்காரு, நான் பாத்துக்குறேன்னேன். அதுக்குள்ள வேற வண்டி வந்துருச்சு. பாவி, மறந்துட்டேன். என்னை நம்பித்தான் புள்ளி வச்சான்."

"விசாரணையில?"

"அந்தப் பக்கம் என் பொறுப்புன்னு எழுதிக் குடுத்துட்டேன். இந்த நோட்டு அவங்க கைக்குப் போனா, நாலையும் அவனே பாத்ததா ஆயிடும். அவன் பேரு கெட்டுடும்மா."

கோபம் வந்தது, வெட்கமும் வந்தது. நோட்டை நீட்டினாள். அவர் திறந்துகூடப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் பெட்டியைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள்.

"இருங்கப்பா" என்றார் மாமா. இந்தப் பக்கத்துப் பிடிகள் இரண்டையும் இழுத்துப் பார்த்தார். பிறகு கூட்டத்தை விலக்கிச் சுற்றிப்போய், அந்தப் பக்கத்து இரண்டையும் இழுத்துப் பார்த்தார்.

"ம், எடுங்க."