ஆள் இல்லாத வெயில்

கைதட்டி ஆமைகளை விழவைக்கும் வேடிக்கையை அந்தக் குளத்தில் தொடங்கிவைத்தவர் பொரிக்காரியின் கணவர்தான். பூங்காவில் சோளப்பொரி வண்டி போட்ட புதிது. கரைக்குச் சற்றுத் தள்ளி, பாதி முங்கிக் கிடந்த மரத்தில் ஆமைகள் வரிசையாக ஏறி வெயில் காயும். அவர் கூட்டம் சேரும்வரை காத்திருந்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். தொபுக் தொபுக்கென்று அத்தனையும் தண்ணீரில் விழும். குழந்தைகள் வயிறு குலுங்கச் சிரிக்கும், அந்தக் கையோடு பொரியும் கேட்கும். வியாபாரம் சூடு பிடித்தது. பிறகு அவர் தட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போனது. வருகிறவர்கள் எல்லோரும் தட்டக் கற்றுக்கொண்டார்கள். ஆமைகள் ஏறும், விழும், மறுபடி ஏறும்.

பொரிக்காரியும் இந்த மழைக்காலம்வரை கூடவே சிரித்தவள்தான்.

இந்த முறை வானம் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. எப்போதாவது எட்டிப் பார்த்த வெயிலையும் கைதட்டல் தின்றுவிட்டது. ஒருநாள் காலையில் ஓர் ஆமை கரையோரம் மிதந்தது. ஓடு தண்ணீரில் ஊறிய அட்டைபோல இளகி, ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. துணியில் சுற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினாள். அவர் தொட்டுப் பார்த்து, உயிர் போய்விட்டது என்றார். மற்றதுகளுக்காவது மருந்து கொடுங்கள் என்று கெஞ்சினாள். மருந்தே வெயில்தான் என்றார் அவர். ஆமைக்கு உடம்பில் தானாகச் சூடு ஊறாது; வெயிலில் கிடந்தால்தான் தின்றது செரிக்கும், ஓடு உலரும், பூஞ்சை அண்டாது என்று பொறுமையாக விளக்கினார்.

"அதுங்களை யாராவது நிம்மதியா காய விட்டாங்களாம்மா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் துணியை ஆமையின் மேல் இழுத்து மூடினாள்.

அதன்பின் இன்னும் இரண்டு மிதந்தன. கணவனும் மனைவியும் செல்லமாகப் 'பெரியம்மா' என்று அழைத்துவந்த முதிய ஆமையின் முதுகிலும் அந்த வெள்ளை படரத் தொடங்கியது.

இன்றைக்குத்தான் வானம் வெளுத்தது. பொரிக்காரி வண்டியைப் பிடித்தபடி கண்ணை மூடி ஆண்டவனுக்கு நன்றி சொன்னாள். கண்ணைத் திறந்தபோதுதான் அது உறைத்தது. இன்று விடுமுறை. ஆமைக்கு வந்த வெயில் மனிதர்களுக்கும்தானே வந்திருக்கிறது? இத்தனை நாள் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஊரே பூங்காவில் இருந்தது.

அவள் பொரி போடுவதை விட்டுவிட்டுக் கரையோரம் ஓடினாள். தட்டாதீர்கள், இன்று ஒருநாள் மட்டும் விட்டுவிடுங்கள் என்று ஆள் ஆளாகக் கைகூப்பினாள். மகளைத் தோளில் உட்காரவைத்திருந்த ஒருவர், ஆமையைப் பார்க்கத்தானே வந்தோம், உன் பொரியைத் தின்னவா வந்தோம் என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அவள் கணவரும் விட்டுவைக்கவில்லை.

"எம் பொண்டாட்டி இப்போ ஆமைக்கு வக்கீல் ஆயிட்டாங்க. ஃபீஸ் வாங்காத வக்கீல்."

அவள் பெரியம்மாவின் முதுகில் படரும் வெள்ளையையும் செத்த மூன்றையும் பற்றிச் சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. மனிதர்கள் அப்படியொன்றும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் செய்கிற பாவங்களே உலகத்தில் அதிகம். தோளில் மகளைச் சுமந்தவர்தான் முதலில் உதட்டில் விரலை வைத்தார். மற்றவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

கரை முழுக்க ஆட்கள், மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. பெரியம்மாவின் தலை தண்ணீருக்கு மேலே வந்தது. கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தது. முங்கியது. வெகுநேரம் கழித்து மரத்துக்கு அந்தப்பக்கம் எழும்பி முன்னங்காலை ஊன்றியது. நகம் பிடிக்கவில்லை, வழுக்கிற்று. மறுபடி ஊன்றியது. பொரிக்காரி அந்த உடம்பைத் தானே பல்லைக் கடித்து இழுப்பவள்போல நின்றாள். மெல்ல, மெல்ல, முழு ஓடும் மரத்தின் மேல் வந்துவிட்டது.

தோளில் இருந்த சிறுமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கைதட்டினாள். அதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். யாரும் கேலிக்குத் தட்டவில்லை. ஜெயித்துவிட்டது என்று மனதாரத் தட்டினார்கள்.

தொபுக்.

பொரிக்காரி அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் விக்கித்து நின்றது. சிறுமியின் அப்பா, தெரியாமல் செய்துவிட்டோம் அக்கா என்று முணுமுணுத்தார். அவள் காதில் எதுவும் விழவில்லை. கணவரைப் பார்த்தாள்.

"அதுக்குக் காலே நிக்கலைங்க. இன்னும் எத்தனை தடவைதான் ஏறும்?"

அவர் குளத்தைப் பார்த்தார். தன் உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு வண்டிச் சக்கரத்துக்கு அடியில் இருந்த கல்லைக் காலால் தள்ளிவிட்டு, வியாபாரக் குரலை எடுத்தார். ஊஞ்சல் இருக்கும் அந்தக் கோடியில் இன்றைக்கு எல்லோருக்கும் பொரி சும்மா என்றார். பொரிக்காரிக்கே நம்ப முடியவில்லை. சொந்த மச்சானுக்குக்கூட ஒரு பிடி இனாமாகக் கொடுக்காத மனிதர். வண்டி நகர்ந்தது, கூட்டமும் பின்னாலேயே போனது. தயங்கி நின்றவர்களைச் சிறுமியின் அப்பா கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

பொரிக்காரி எழவில்லை. அவர் திரும்பி வந்தார்.

"நீயும் வா."

"நான் ஒரு ஓரமா அசையாம இருக்கேங்க. ஏறுதான்னு மட்டும் பாத்துட்டு வரேன்."

"அதுக்கு நீயும் ஆளுதான்டி. வா."

அந்த வார்த்தை சுட்டது. ஆனால் உண்மை. அவள் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அத்தனை தூரமும் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தாள்.

ஊஞ்சல் பக்கம் ஒரே கூச்சல். பொரிக்காரி பொரியை அள்ளிக் கொடுத்தாள். ஒவ்வொரு பிடிக்கும் வானத்தைப் பார்த்தாள். மேற்கே ஒரு மேகம் கருத்து ஏறிக்கொண்டிருந்தது. ஆண்டவனே, அதைக் கொஞ்சம் பிடித்து வை. பெரியம்மாவுக்கு மூச்சும் தெம்பும் மிச்சம் இருக்க வேண்டும். இனி ஏறத் தைரியம் வர வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் எல்லாம் போயிற்று.

சிறுமி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"ஆன்ட்டி, ஆமை ஏறிடுச்சா?"

"தெரியலையே கண்ணு."

"நான் மட்டும் மெதுவா போய் பாத்துட்டு வந்து சொல்லட்டுமா?"

பொரிக்காரிக்கு நாக்கு நுனிவரை 'சரி' வந்தது. விழுங்கினாள். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். சிறுமி குளத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், பிறகு புல்லில் அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். இருவரும் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.