வெளிப்பக்கம் திறக்கிற கதவு

பூட்டினேன், பூட்டாமல் எப்படி வந்திருப்பேன், பூட்டைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது என் கைக்கு ஊறிப்போன வழக்கம், ஆனால் இன்றைக்கு இழுத்தேனா, வண்டி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததே, மேனேஜர் வேறு வண்டிக்குள் உட்கார்ந்து போனில் யாரையோ காய்ச்சிக்கொண்டிருந்தாரே... பூட்டாமல் வந்திருந்தால் அம்மா இந்நேரம் தெருவைத் தாண்டியிருப்பாள். போன மாதம் அப்படித்தான், நைட்டியோடு பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்குத் தலை நரைத்தாயிற்று, அவளுக்கு நான் இன்னும் பையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியவள். அன்றிலிருந்துதான் வெளியே பூட்டு. பெற்றவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஊராருக்கு வீடு கொடுக்கக் கிளம்பிவிட்டாயா என்று கேட்க வீட்டில் வேறு ஆள் இல்லாததால் நானே கேட்டுக்கொள்கிறேன். கம்பெனியில் நான் சமூகப் பொறுப்புப் பிரிவு, அதனால் எல்லோருக்கும் என் பெயரே பொறுப்பு, பொறுப்பு சாப்பிட்டாச்சா, பொறுப்பு இன்னைக்கு லீவா, மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார், நானும் திரும்பிப் பார்த்துத் தொலைக்கிறேன்.

வெள்ளத்தில் வீடு போனவர்களுக்காகக் கம்பெனி மேட்டு நிலமாகப் பார்த்துக் கட்டிய குடியிருப்பு இது. எல்லோரும் குடிவந்து ஒரு மாதம் ஆகிவிட்டது, சாவி கொடுக்கிற விழா மட்டும் சேர்மனுக்கு ஒழிகிற நாளுக்காகக் காத்திருந்தது. வண்டியை விட்டு இறங்கியதும் ஏதோ குறைகிறதே என்று தோன்றியது, என்ன என்று பிடிபடவில்லை, சுவருக்கு அடித்த மஞ்சள் சரியாகத்தான் இருக்கிறது, கம்பெனிச் சின்னம் நேராகத்தான் இருக்கிறது... பிறகுதான் உறைத்தது, தெரு முழுக்க ஒரு வீட்டுக்கும் கதவில்லை. நிலையில் கீல் மட்டும் இருந்தது, வாசலெல்லாம் பொக்கை வாய் மாதிரி இருட்டாகத் திறந்து கிடந்தது, அந்த இருட்டுக்குள்ளிருந்து ஆட்கள் எங்களைப் பார்த்தார்கள், ஒரு குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. கதவுகளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள், ஒரு கீறல் இல்லாமல், துடைத்து. "அப்ப சாவிய எதுலய்யா போடறது" என்றார் மேனேஜர், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் கழற்றினீர்கள் என்று முதல் வீட்டில் கேட்டேன், "காத்தோட்டத்துக்குங்க" என்றார்கள். அடுத்த வீட்டிலும் காத்தோட்டத்துக்குங்க. அதற்கடுத்த வீட்டிலும் அதே சொல், அதே இழுப்பு, கண்ணைப் பார்க்காமல். அதற்கப்புறம் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன், கேட்கப் பயமாக இருந்தது, என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மேனேஜர் லேசுப்பட்ட ஆளா, மூலை வீட்டுக்கு மட்டும் கதவை மாட்டச் சொல்லிவிட்டார். அது தையல்காரம்மாவின் வீடு, தனி ஆள், உள்ளே ஒரு மெஷின், ஒரு பாய். அந்த அம்மா உள்ளே இருக்கவேண்டும், சேர்மன் வந்து சாவியைப் போட்டுத் திறக்கவேண்டும், அந்த அம்மா சிரித்துக்கொண்டே வெளியே வரவேண்டும், போட்டோ. புது வீட்டுக்குள் போவதைத்தானே படம் எடுப்பார்கள், வெளியே வருவதை எடுக்கிற புத்தி எங்கள் ஆபீசுக்கு மட்டும்தான் வரும். "உள்ள வச்சுப் பூட்டுவீங்களா" என்று அந்த அம்மா கேட்டாள். ரெண்டே நிமிஷம்தான்மா என்று நான்தான் சொன்னேன், என் வாயால்தான் சொன்னேன், தினம் காலையில் சொல்லிப் பழகிய வாய்தானே, இதோ வந்துடறேம்மா, ரெண்டே நிமிஷம். அவள் உள்ளே போனாள். நான் பூட்டினேன், ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். ஆக, இந்தக் கை மறப்பதில்லை, வீட்டையும் இழுத்துப் பார்த்திருக்கும், நல்லது, அம்மா பத்திரமாக உள்ளேதான் இருப்பாள் என்று மனசு கொஞ்சம் சமாதானமானது.

சேர்மன் கார் வந்தபாடில்லை, மழைதான் வந்தது. முன்பெல்லாம் மழைக்கென்று ஒரு பருவம் இருந்தது, இப்போது அதற்குத் தோன்றினால் வருகிறது, வந்தால் பெய்கிற மழையா அது, கவிழ்க்கிற மழை. விழாப் பந்தலுக்குள் ஒண்டினோம். அப்போதுதான் அந்தச் சத்தம், மூலை வீட்டுக் கதவிலிருந்து, இடிக்கிற சத்தம் இல்லை, உள்ளங்கையால் தட்டுகிற சத்தம், தூங்காத பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல மெதுவாக, விடாமல். எனக்குத்தான் கேட்கிறதா என்று மேனேஜரைப் பார்த்தேன், அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவைப் பார்த்தேன். கதவில்லாத வாசல்களிலிருந்து எல்லோரும் இறங்கி வந்து மழையில் நின்றுகொண்டிருந்தார்கள், யாரும் தலையில்கூடக் கைவைத்துக்கொள்ளவில்லை, யாரும் என்னிடம் திற என்று சொல்லவில்லை, அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பொறுப்பு, இப்பத் திறந்துடாதீங்க, கார் முக்குல வந்தாச்சு" என்று மேனேஜர் சொல்லச் சொல்ல நான் ஓடிப்போய்த் திறந்தேன். கதவு வெளிப்பக்கம் திறந்த பிறகும் அவள் இரண்டு உள்ளங்கையையும் முன்னால் நீட்டியபடியே நின்றாள், மழை படாத முகம், ஆனால் தொப்பலாக நனைந்திருந்தது.

என்னம்மா, காற்று இல்லையா என்றேன், கேட்டதும் எனக்கே வெட்கமாக இருந்தது. "காத்தெல்லாம் இருக்குதும்மா" என்றாள். "குடுத்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு அப்படிச் சொல்றோம்." அப்புறம் கதவைத் தொடாமல் அதைக் கண்ணால் காட்டினாள். "வெள்ளத்துல போன அந்த வீட்லயும் இது மாதிரிதான், வெளிய தள்ளித் திறக்கிற கதவு. தண்ணி அந்தப் பக்கம் சாஞ்சு நின்னுச்சு. நாங்க தள்ளத் தள்ள அதுவும் தள்ளுச்சு. யாரோ வெளிய நின்னு தோள் குடுக்கிற மாதிரி." உங்க வீட்டுக்காரர்... என்று இழுத்தேன். "கூரை ஓட்டைப் பிரிச்சு என்னை மேல ஏத்திவிட்டாரு. அவரு ஏறல. கடைசி வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தாரு." இந்தப் புது வீடுகளுக்கும், உள்ளே இடம் மிச்சமாகும் என்று வரைபடத்திலேயே கதவை வெளிப்பக்கம் திறக்க வைத்தார்கள், நல்ல யோசனை என்றுதான் எல்லோரும் சொன்னோம்.

பந்தலில் கைதட்டல் கேட்டது, சேர்மன் இறங்கிவிட்டார் போல. நான் எங்கள் மாடி வீட்டு அக்காவுக்குப் போன் போட்டேன், அங்கே மழையா என்று கேட்கத்தான், வேறொன்றுமில்லை. "நீ போனதும் புடிச்ச மழை, விடவே இல்ல" என்றாள் அக்கா, "தெருவுல இடுப்பளவு நிக்குது, என்னால படியிறங்க முடியல. உங்கம்மா உள்ளதான் இருக்காங்க, சத்தம் கேக்குது." என்ன சத்தம் அக்கா. "கதவுலதான்... தட்டற மாதிரியும் இல்ல, தடவற மாதிரி. பூட்டிட்டா போன?" அத்தோடு லைன் போய்விட்டது. பூட்டியிருக்கக் கூடாது, இன்றைக்கு மட்டும் இந்தப் பாழாய்ப்போன கை மறந்திருக்கட்டும், அம்மா நைட்டியோடு எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரட்டும், ஊரே சிரிக்கட்டும்... இல்லை, இரு, பூட்டினேனா பூட்டவில்லையா என்றே காலையிலிருந்து செத்துக்கொண்டிருக்கிறேனே, எங்கள் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்? இத்தனை வருஷம் திறந்த கதவு, நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது, உள்ளே தள்ளுவேனா, வெளியே இழுப்பேனா. "பொறுப்பு, சாவி" என்று மேனேஜர் குரல் மழையில் கரைந்து வந்தது. தையல்காரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இழுக்கிற கதவா" என்று கேட்டாள்.

தெரியலம்மா என்றேன். ஆனால் என் கை இல்லாத கைப்பிடி ஒன்றைப் பிடித்து, என்னைக் கேட்காமலே, என் பக்கமாக வந்துகொண்டிருந்தது.